தாய்மாமன் எழுதிய பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் விலங்கியலில் இளங்கலை முடித்திருக்கிறாள். வடகிழக்கு மலைக்காடுகளில் தவளைகளைக் கணக்கெடுக்கும் குழுவொன்றோடு ஓராண்டு போய்வர வேண்டும் என்கிறாள். பி.எட். சேர்வதை விட்டுவிட்டு இதென்ன வயதுக் கோளாறு என்கிறார் அவள் அப்பா. இந்த வயதின் ஆர்வமும் அலைச்சலும் ஒருவரை உண்மையிலேயே வளர்க்குமா? நான் யார் பக்கம் நிற்பது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

1831 ஆகஸ்ட் மாதக் கடைசியில் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்துக்குள் இதே வழக்கு நடந்தது. சார்லஸ் டார்வினுக்கு அப்போது 22 வயது. எடின்பரோவில் மருத்துவம் படிக்கப் போய், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைக் காணப் பொறுக்காமல் வெளியே ஓடிவந்தவர். பிறகு அந்தப் படிப்பையே விட்டு, பாதிரியார் ஆவதற்கென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்து, அங்கே வண்டு பிடித்துத் திரிந்தவர். ஒருநாள் பழைய மரப்பட்டையை உரித்தபோது கிடைத்த இரண்டு அரிய வண்டுகளைக் கைக்கு ஒன்றாகப் பிடித்திருந்தார். மூன்றாவதாகப் புதிய வகை ஒன்று தென்படவே, அதை விட மனம் வராமல் வலக்கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார். அது பீய்ச்சிய காரநீர் நாக்கைச் சுட்டதில் துப்ப வேண்டியதாயிற்று; வாயில் இருந்ததும் போயிற்று, மூன்றாவதும் தப்பிவிட்டது.

இப்படிப்பட்ட பிள்ளை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றப் போகிறேன் என்றால் எந்தத் தகப்பன் சம்மதிப்பார்? ஆனாலும் அவர் கதவை முழுக்க அடைத்துவிடவில்லை. விவரம் தெரிந்த ஒருவராவது போகச் சொன்னால் அனுப்புகிறேன் என்றார். அந்த ஒருவராக வந்து நின்றவர் தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட். (1839இல் டார்வின் மணந்த எம்மா இவருடைய மகள்தான், நம் வழக்கில் சொன்னால் முறைப்பெண்.) அப்பாவின் ஆட்சேபங்களை டார்வின் எட்டாக எழுதிக் கொடுக்க, மாமா ஒவ்வொன்றுக்கும் எழுத்திலேயே பதில் சொன்னார். பயனற்ற முயற்சி என்ற ஆட்சேபத்துக்கு அவர் எழுதியதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு இதனால் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்ளும் அவர், விரிந்த ஆர்வம் உள்ள ஒருவனுக்கு மனிதர்களையும் பொருள்களையும் காண மிகச் சிலருக்கே வாய்க்கும் சந்தர்ப்பம் இது என்கிறார். தந்தை மனம் மாறினார், செலவையும் ஏற்றார்.

1831 டிசம்பர் 27இல் புறப்பட்ட கப்பல் 1836 அக்டோபர் 2இல்தான் திரும்பியது. அந்தப் பயணமே டார்வினை அறிஞராக்கிவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள்; எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பசிபிக் கடலில் உள்ள கலாபகசுத் தீவுகளில் அவர் சுட்டுச் சேகரித்த சிறு குருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு எந்தத் தீவில் கிடைத்தது என்ற சீட்டைக்கூட அவர் கட்டவில்லை. ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவினுடையது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் கூறியதையும் உடனே பொருட்படுத்தாமல், இரண்டு தீவுகளின் சேகரிப்பை ஒன்றாகக் கலந்துவிட்டார். 1837இல் இலண்டனில் ஜான் கூல்டு என்ற பறவையியலாளர், வெவ்வேறு குடும்பத்துப் பறவைகள் என்று டார்வின் எண்ணியிருந்தவை ஒரே கூட்டத்தைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்று காட்டியபோதுதான், எது எந்தத் தீவினுடையது என்று குறிக்காமல் தாம் எதைத் தவறவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. கப்பல் தலைவர் உட்படச் சக பயணிகள் தீவின் பெயரெழுதி வைத்திருந்த பறவைகளைக் கேட்டுத் தேடி, தம் பிழையைத் திருத்த முயன்றார். வண்டை வாயில் போட்டுக்கொண்ட அந்த அவசரக்காரர் பொறுமையைக் கற்றது இங்கேதான் என்பேன். ஊர் சுற்றியதால் மட்டும் அது வந்துவிடவில்லை. பார்த்ததை எழுதி வைத்ததாலும், எழுதத் தவறியது பின்னாளில் உறுத்தியதாலும் வந்தது.

ஆகவே நான் உங்கள் மகளின் பக்கம் நிற்கிறேன், நீங்களும் நில்லுங்கள். ஆனால் டார்வினுக்கு வசதியான தந்தை இருந்தார் என்பதை மறந்துவிட்டு உங்கள் கணவரைக் குறைசொல்வது நியாயமாகாது. தவளைகளைத் தேடுவது பெரும்பாலும் மழைக்காலத்தில், இரவில், ஓடைக்கரைகளில் நடக்கும் வேலை. உதவித்தொகை எவ்வளவு, பக்கத்து மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு, குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று அவர் கேட்டால், அவை பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகள். அவருடைய ஆட்சேபங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாமாவைத் தேட வேண்டாம். குழுவினரிடம் கேட்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் மகளே பதில் எழுதட்டும்.

அன்புடன்.