காதல் பித்தில் ஒருவன் முழுசாக அழிந்துபோகும் பிரெஞ்சு நாவல் எது?

ஆபே பிரெவோ எழுதிய ‘மனோன் லெஸ்கோ’வைத்தான் சொல்வேன். 1731ல் வந்தது. 1733ல் பாரிஸில் பறிமுதல் செய்தார்கள்.

கதாநாயகன் தே க்ரியூவுக்கு 17 வயது. பெரிய குடும்பத்துப் பிள்ளை, படிப்பிலும் கெட்டி. ஆமியான் ஊரில் வண்டியிலிருந்து இறங்கும் மனோனைப் பார்க்கிறான். கன்னியர் மடத்தில் சேர்க்க அவளை அழைத்து வந்திருக்கிறார்கள். மறுநாள் விடிவதற்குள் இருவரும் பாரிஸுக்கு ஓட்டம். காசு தீர்ந்ததும் அவள் ஒரு பணக்காரனிடம் போகிறாள். இவன் மனம் வெறுத்துப் பாதிரியாராகப் படிக்கும் செமினரியில் சேர்கிறான். அவள் வந்து அழுததும் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போகிறான். அப்புறம் சீட்டாட்டத்தில் மோசடி, சிறை. சிறையிலிருந்து தப்பும்போது ஒரு காவலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, ‘இதற்கு நீங்கள்தான் காரணம்’ என்று பக்கத்தில் நிற்கும் பாதிரியாரையே குற்றம் சொல்கிறான்! அவன் மனசு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அந்த ஓர் இடம் போதும்.

மனோன்தான் அவனைக் கெடுத்தாள் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கதை முழுக்க அவன் வாயால் வருவது. அவள் பார்க்க எப்படி இருப்பாள் என்றுகூட அவன் சரியாகச் சொல்வதில்லை. இன்னொருவனிடம் போகும்போது எழுதிவைத்த கடிதத்தில்தான் அவள் குரல் நமக்குக் கேட்கிறது: சாப்பிட ரொட்டி இல்லாதபோது காதல் எப்படி வரும் என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதானே?

கடைசியில் இருவரும் சேர்ந்தே பிடிபடுகிறார்கள். அப்பாவின் செல்வாக்கில் அவன் வெளியே வந்துவிடுகிறான். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணான அவளை, விலைமாதர்களோடு சங்கிலியில் பிணைத்து, அப்போது அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த லூசியானாவுக்கு நாடு கடத்துகிறார்கள். அதற்கும் அதே அப்பாதான் உடந்தை. அவனும் கூடவே கப்பலேறுகிறான். அவன் காதலை நான் முழுசாக நம்பியது அங்கேதான். நியூ ஆர்லியன்ஸில் ஆளுநரின் உறவுக்காரன் ஒருவன் அவள்மேல் ஆசைப்பட, வாள்சண்டை, மறுபடி ஓட்டம். ஊருக்கு வெளியே மணல்வெளியில் அவள் இறந்துபோகிறாள். (அந்தப் பக்கம் உண்மையில் சதுப்பு நிலம். பிரெவோ அமெரிக்கா போனதே இல்லை.) அவன் பிரான்சுக்குத் திரும்பி வந்து, நமக்குக் கதை சொல்கிறான்.

படித்தால் நண்பன் திபேர்ஜையும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் புத்தி சொல்கிறான், ஏமாறுகிறான், பணமும் கொடுக்கிறான். கடைசியில் கடல் தாண்டித் தேடி வருவதும் அவன்தான். அவனைப் பற்றி யாரும் ஓபரா (இசை நாடகம்) எழுதவில்லை. மனோனுக்கு மாஸ்னே 1884லும் புச்சினி 1893லும் ஆளுக்கொன்று எழுதினார்கள்.