சர்க்கரை மகளுக்கு, கவுன்சலிங் மாமியாருக்குமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மகளுக்கு 13 வயது. டைப் 1 சர்க்கரை, இன்சுலின் ஊசிதான். இந்த வருடம் மட்டும் மூன்று முறை வாந்தி, மூச்சு வாங்கல் என்று ஐ.சி.யூ. வரை போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை சர்க்கரை ஒழுங்காக இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் சில வாரத்தில் மறுபடியும் அதே கதை. இப்போது டாக்டர், ஃபேமிலி தெரபிஸ்டைப் பாருங்கள், மாமியாரையும் கூட்டி வாருங்கள் என்கிறார். "வியாதி குழந்தைக்கு, நமக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் சத்தம் போடுகிறார். போவதா, வேண்டாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: போங்கள் அம்மா. (முதலில் ஒன்று: நான் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு சேர்ந்து வேலை பார்க்கும் ஃபேமிலி தெரபிஸ்ட். உங்களை யாரிடம் அனுப்புகிறார்களோ, அதே ரகம்.)

நீங்கள் எழுதியதையே உங்கள் கணவரிடம் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் சரியாக இருக்கிறது, வீட்டில் கெடுகிறது. உடம்பும் அதேதான், இன்சுலினும் அதேதான். அங்கே நர்ஸ் நேரத்துக்கு வந்து ஊசி போட்டு, எழுதி வைத்துவிட்டுப் போகிறார். வீட்டில் யார் போடுகிறார்கள்? நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான், இதற்கே பல வீடுகளில் ஆளுக்கொரு பதில் வரும். "அவளே போட்டுக்குவா, பெரிய பொண்ணு ஆயிட்டாளே" என்பார் அம்மா. "அப்போ நீ பார்க்கறதே இல்லையா?" என்று அப்பா அம்மா பக்கம் திரும்புவார். "பச்சப்புள்ளைய எத்தனை தடவதான் குத்துவீங்க" என்று பாட்டி கண்ணைத் துடைப்பார். அந்தப் பெண் மட்டும் வாயே திறக்காமல் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருப்பாள். இந்த வயதில் கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைத்து, கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்வது; உங்கள் மகளுக்கு வந்த வாந்தியும் மூச்சு வாங்கலும் இதன் அறிகுறிதான்) திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் காரணம் ஊசி தவறுவதுதான். ஏன் தவறுகிறது என்று எந்த லேப் ரிப்போர்ட்டும் சொல்லாது. ஸ்கூலில் தோழிகளுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சமாக இருக்கலாம், இன்சுலின் போட்டால் குண்டாகிவிடுவோம் என்ற பயமாக இருக்கலாம், நம்பரைப் பார்த்துத் திட்டு விழும் என்பதால் நம்பரே பார்க்காமல் விட்டிருக்கலாம்.

1970களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், சால்வடோர் மினுச்சின் என்ற மனநல மருத்துவரும் லெஸ்டர் பேக்கர் என்ற குழந்தை மருத்துவரும் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளைத்தான் பார்த்தார்கள். வார்டில் நன்றாக இருக்கும், வீட்டுக்குப் போனால் படுத்துவிடும். அப்பா அம்மாவை ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசி வாக்குவாதம் செய்ய வைத்து, பிள்ளையைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லி, அப்புறம் உள்ளே கூப்பிட்டு, நடுநடுவே எல்லோருக்கும் ரத்தம் எடுத்துக் கொழுப்பு அமிலத்தின் அளவைப் பார்த்தார்கள் (டென்ஷனில் ஏறுவது, கீட்டோனாக மாறுவதும் அதுதான்). பிள்ளை உள்ளே வந்ததும் பெற்றோரின் அளவு இறங்க, பிள்ளையின் அளவு ஏறி, எல்லாம் முடிந்த பிறகும் இறங்காமல் நின்ற குடும்பங்கள் இருந்தன. பார்த்த குடும்பங்கள் ரொம்பக் கொஞ்சம், வீட்டார் மேல் பழி போடுகிறார்கள் என்று பின்னால் நிறைய விமர்சனமும் வந்தது. அந்த விமர்சனம் நியாயம் என்பதுதான் என் கட்சியும். டைப் 1 சர்க்கரை என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது, எந்த மாமியார் மருமகள் சண்டையும் அதைக் கொண்டு வராது. ஆனால் வந்த நோயைத் தினமும் கட்டி மேய்ப்பது வீடுதான், அதனால்தான் எல்லோரையும் கூப்பிடுகிறார்கள்.

அங்கே யார் குற்றவாளி என்று யாரும் விசாரிக்கப் போவதில்லை. யார் எதைச் செய்வது என்று பேசிப் பிரிப்பதுதான் பாதி வேலை. காலை ஊசி போடும்போது அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும், இரவு ஊசிக்கு அப்பா. போட்டாயா என்று அடுத்த ரூமிலிருந்து கத்திக் கேட்பது இதில் சேராது. பொறுப்பு முழுவதையும் சீக்கிரமே பிள்ளையின் தலையில் கட்டினால் சர்க்கரை கெடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். மீட்டரில் 320 காட்டினால் அது மார்க் ஷீட் இல்லை, திட்டக் கூடாது. மாமியார் எதற்கு என்றால், சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வரும்போது தட்டில் என்ன விழுகிறது என்று தீர்மானிப்பது பல வீடுகளில் அவர்தான். அவர் இல்லாமல் போட்ட திட்டம் ஒரு வாரம் தாங்காது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இதெல்லாம் இன்சுலினுக்கு மாற்று இல்லை. வாந்தியோ மூச்சு வாங்கலோ வந்தால் நேராக கேஷுவால்டிதான்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் கேன்சர். அவரிடம் சொல்லக் கூடாது என்று அண்ணன் டாக்டரிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு "எனக்கு என்னடா?" என்கிறார். தெரபிஸ்ட் வந்தால் போட்டு உடைத்துவிடுவாரா?
– மகன், திருச்சி

பதில்: மாட்டார் தம்பி. முதலில் உங்கள் அண்ணனிடம்தான் பேசுவார், சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள் என்று. அப்பா மனசு விட்டுவிடுவார் என்பதுதான் பொதுவாக வரும் பதில், அதில் இருப்பது பாசம், சந்தேகமே இல்லை. அப்புறம் அப்பாவிடம், உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள், யார் சொல்ல வேண்டும் என்று கேட்பார். "எல்லாம் பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்" என்பவர்களும் உண்டு, அதுவும் அவர் எடுத்த முடிவுதான். ஆனால் கீமோ ஏறிக்கொண்டிருக்கும் பெரியவர், வாசலில் என்ன போர்டு மாட்டியிருக்கிறது என்று படிக்காமலா வார்டுக்குள் வந்திருப்பார்? உங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றால் பாதி தெரிந்துதான் கேட்கிறார்.

கேள்வி: இந்த ஃபேமிலி தெரபியெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்தானே? யாரை நம்பிப் போவது?
– வாசகர், வேலூர்

பதில்: வேலூரிலிருந்தா இந்தக் கேள்வி! உங்கள் ஊர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டு ஆட்களும் தங்குவது பல வருட வழக்கம். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் 1950களிலேயே வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்க வைத்தார்.

அமெரிக்காவில் இதற்குத் தனி லைசென்ஸ் இருக்கிறது, இங்கே கிடையாது. அதனால் பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். மனநல சமூகப் பணியிலோ கிளினிக்கல் சைக்காலஜியிலோ எம்.ஃபில். முடித்தவரா, குடும்பத்தை உட்கார வைத்துப் பேசப் பயிற்சி எடுத்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். நீங்கள் சொல்வதில் எது டாக்டருக்குப் போகும், எது போகாது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் நாங்கள் டீமாகத்தான் வேலை செய்கிறோம். யாரும் கிடைக்கவில்லை என்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.