எங்க ஊருக்கே வந்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லல

வணக்கம் அக்கா. எனக்கு 19 வயசு, சேலத்துல ஒரு காலேஜ்ல செகண்ட் இயர், ஹாஸ்டல். சொந்த ஊரு ஏற்காடு பக்கம், அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் காப்பி எஸ்டேட்ல வேலை, லைன் வீட்டுலதான் இருக்கோம். கிளாஸ்ல நாங்க ஆறு பேர் ஒரு கேங். ஒண்ணாதான் சாப்பிடுவோம், சாயங்காலம் தட்டுவடை செட் கடைக்கு போவோம், என்கிட்ட காசு இல்லாத நாள்ல ஒருத்தி மட்டும் கேக்காமலே எனக்கும் சேர்த்து சொல்லிடுவா. போன ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருந்தேன், மதியம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்தா அஞ்சு பேரும் ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நிக்கறாங்க, அடுத்தது பகோடா பாயிண்ட்ல மிளகா பஜ்ஜி. எங்க வீட்டுல இருந்து நடந்தே போயிடலாம் அக்கா. நான் இல்லாம தனியா ஒரு குரூப் வச்சிருக்காங்கன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. திங்கக்கிழமை எப்பவும் போல பேசுனாங்க, நானும் எதுவும் தெரியாத மாதிரி இருந்துட்டேன், ஆனா நைட்ல தூக்கம் இல்ல, சோறு இறங்கல, நம்ம லெவலுக்கு இவங்க எதுக்குன்னு தோணுது. முன்னாடி ரெண்டு தடவை உங்க ஊருக்கு கூட்டிட்டு போடின்னு கேட்டாங்கதான், வீடு சின்னது, அதனால மழை, அம்மாக்கு உடம்பு சரியில்லன்னு ஏதோ சொல்லி தட்டி விட்டுட்டேன். இதுக்கெல்லாம் அழறது பைத்தியக்காரத்தனமா அக்கா? கேங்கை விட்டு விலகிடவா?

பேர் வேண்டாம், ஏற்காடு

கண்ணு, பைத்தியக்காரத்தனம்லாம் இல்ல. கிப்ளிங் வில்லியம்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், பார்க்ல உக்காந்திருந்தப்ப ஒரு ஃபிரிஸ்பீ பக்கத்துல வந்து விழுந்துச்சு, எடுத்து வீசினாரு, விளையாடிட்டு இருந்த ரெண்டு பேரும் அவரையும் சேத்துக்கிட்டாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு திடீர்னு அவர் பக்கம் வீசறதையே நிறுத்திட்டாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க, அதுக்கே மனசு அப்படி வலிச்சுதாம். அதையே கம்ப்யூட்டர்ல பந்து விளையாட்டா மாத்தி ஆராய்ச்சி பண்ணாரு, 2004ல வந்த ஒரு ஆய்வுல எதிர்ல ஆளே இல்ல, கம்ப்யூட்டர்தான் ஆடுதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க, அப்பவும் பந்து வராதவங்க வாடித்தான் போனாங்க. உனக்கு பந்து போடாதது தினமும் கூட உக்காந்து சாப்பிடறவங்க, அதுவும் உன் ஊர்லயே வந்து. சோறு எப்படி இறங்கும்?

ஆனா அஞ்சு பேரும் கூடி உக்காந்து முடிவு பண்ணாங்கன்னு நீயா ஒரு கதை ஓட்டறியே, அங்கதான் எனக்கு சந்தேகம். ஒருத்தி பிளான் போடுவா, இன்னொருத்திக்கு 'அவளைக் கூப்பிடலயா'ன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும், மத்தவங்க யாரும் கேக்கலயேன்னு முழுங்கிடுவா, அவ முழுங்கினதைப் பாத்து அடுத்தவளும் வாயைத் திறக்க மாட்டா. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் மாணவர்கள்கிட்ட குடியைப் பத்தி கேட்டு 1993ல வந்த ஆய்வுலயும் இதே கூத்துதான், நிறைய பேருக்கு உள்ளுக்குள்ள சங்கடம், ஆனா மத்தவங்களுக்கு அது பிரச்சனையே இல்ல, நமக்குத்தான் ஒத்துக்கலன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. உன் கேங்கும் அப்படித்தான்னு நான் அடிச்சு சொல்லல, ஆனா அஞ்சு பேர் மனசும் ஒண்ணுன்னு நீயும் சொல்ல முடியாது.

கடைசில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்க பாரு, ரெண்டு தடவை தட்டி விட்டேன்னு. நான் அதை திரும்பத் திரும்ப படிச்சேன். வீட்டைப் பாத்துடுவாங்களோன்னு உனக்கு பயம், அது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நம்மள கூட்டிட்டு போக இவளுக்கு இஷ்டமில்லன்னு எடுத்திருக்கலாம். அதுக்காக தனி குரூப் வச்சது சரின்னு சொல்ல மாட்டேன், அது எனக்கும் பிடிக்கல.

விலகறதை அப்பறம் பாப்போம். குரூப்ல எதுவும் டைப் பண்ணாத, அஞ்சு பேரை ஒண்ணா நிக்க வச்சும் கேக்காத, ஒருத்தி முகத்தை ஒருத்தி பாத்து சமாளிச்சுடுவாங்க. தட்டுவடை செட் வாங்கித் தர்றாளே, அவளைத் தனியா புடி. 'ஏன்டி கூப்பிடல'ன்னு ஆரம்பிச்சா அவ வக்கீல் மாதிரி பேச ஆரம்பிச்சுடுவா. 'ஸ்டேட்டஸ் பாத்தேன்டி, கஷ்டமா இருந்துச்சு', அவ்ளோதான், அப்பறம் அவ பேசட்டும். ஓவரா சீன் போடாதன்னு சிரிச்சான்னா வலிக்கும், ஆனா அவ எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுடும், கிளாஸ்ல வேற ஆளே இல்லையா என்ன. தூக்கமும் சாப்பாடும் ரெண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தா 14416க்கு போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், இலவசம்தான், தமிழ்லயே பேசலாம்.

லைன் வீட்டைக் காட்டறதும் காட்டாததும் உன் இஷ்டம், யாருக்கும் அதை நீ நிரூபிக்க வேண்டியதில்ல. ஆனா அடுத்த தடவை கேட்டா மழைன்னு சொல்லாத. வீட்டுக்கு இப்ப வேணாம்டி, லேக்குக்கு வாங்க, பஜ்ஜி எந்தக் கடைல நல்லாருக்கும்னு நான் காட்டறேன்னு சொல்லு.