கௌரவ விதி விசாரணை: வக்கீலை வைத்தால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு ராணுவ அகாடமியில் மூன்றாம் ஆண்டு கேடட். கணினி நிரல் ஒன்றை எழுதிச் சமர்ப்பித்தபோது நண்பன் செய்த உதவியைக் குறிப்பிடாமல் விட்டதற்காக, பொய், ஏமாற்று போன்றவற்றைத் தடுக்கும் கௌரவ விதியின் கீழ் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறான். வக்கீலை வைத்தால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடாதா?

பதில்: ஆகாது. ஆனால், வழக்கறிஞர் விசாரணை அறைக்குள் வந்து வாதாடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். வணிகக் கப்பல் அகாடமி மாணவர் ஒருவர் தொடுத்த வாஸன் எதிர் ட்ரோபிரிட்ஜ் வழக்கில், வெளியேற்றப்படும் நிலையில் உள்ளவருக்குக் குற்றச்சாட்டைத் தெரிவித்து அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும், ஆனால் விசாரணையில் வழக்கறிஞரை அனுமதித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1967-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே வழக்கறிஞரின் வேலை பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே நடந்துவிடும். அதில் முதன்மையானது, உங்கள் மகன் அவசரமாக எழுதிக் கொடுக்க நினைக்கும் அந்த வாக்குமூலம்தான்.

அமெரிக்கத் தரைப்படை அகாடமியான வெஸ்ட் பாயின்ட் போன்ற இடங்களில் செயல் மட்டும் போதாது. ஏமாற்றும் எண்ணமோ முறையற்ற ஆதாயம் தேடும் எண்ணமோ இருந்ததா என்பதே கேள்வி. உதவியவர் பெயரை எழுத மறந்தது வேறு, மறைத்தது வேறு. "நேரமில்லாததால் விட்டுவிட்டேன்" என்று ஒரு வரி எழுதினால், தெரிந்தே விட்டான் என்று அதைப் படிக்க இடமுண்டு. அதற்காகச் சற்றே மாற்றிச் சொல்லலாம் என்றும் எண்ண வேண்டாம்: கேடட்டுகளும் ராணுவ நீதிச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், அதன் 107-ஆம் பிரிவின் கீழ் பொய்யான அலுவல் வாக்குமூலம் தனிக் குற்றம். நிரலின் முந்தைய வடிவங்களையும், நண்பனோடு பரிமாறிய செய்திகளையும், பாதகமானவை உட்பட, அப்படியே வைத்திருக்கட்டும். அழித்தது தெரியவந்தால், கெட்ட எண்ணத்துக்கு வேறு சாட்சியே தேவைப்படாது.

பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெஸ்ட் பாயின்ட் விதி பொய், ஏமாற்று, திருட்டு ஆகியவற்றோடு, அவற்றைச் செய்பவரைச் சகித்துக்கொள்வதையும் தடுக்கிறது. உங்கள் மகன் அறைத்தோழனிடம் மனம்விட்டுப் பேசினால், அதை மேலிடத்தில் சொல்லியாக வேண்டிய இக்கட்டில் அவனை மாட்டிவிடுவான். ரகசியக் காப்பு வழக்கறிஞரோடு பேசுவதற்குத்தான். உங்களோடு தொலைபேசியில் பேசுவதைக்கூட அதில் சேர்க்க முடியாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்காக ராணுவம் வைத்திருக்கும் வழக்கறிஞரைக் கட்டணமின்றிக் கலந்து பேச முடியுமா என்று அவன் இன்றே விசாரிக்கட்டும். அதன்பின் தேவைப்பட்டால் தனியார் வழக்கறிஞரைத் தேடலாம்.

மூன்றாம் ஆண்டு என்பதால் பணமும் இதில் சேர்ந்துவிடுகிறது. அந்த ஆண்டு தொடங்கியபின் வெளியேற்றப்படுபவரைச் சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றச் சொல்லலாம், இல்லையென்றால் படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்கலாம். தானாக ராஜினாமா செய்தாலும் இந்தக் கடப்பாடு போய்விடாது என்பதால், "கௌரவமாக விலகிக்கொள்" என்று எவரேனும் தாளை நீட்டினால், அதையும் வழக்கறிஞர் படிக்கும்வரை அவன் கையெழுத்திட வேண்டாம்.