தலைகீழாக வந்த வள்ளம்

அன்புள்ள அக்கா,

உவர்மலையில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது. மாமா கொடுத்த பழைய கம்பியூட்டரில் இரவிரவாகக் கோடிங் எழுதி, படங்களை அசைய விடுகிறான். அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை. கோபத்தில் அவனுடைய அப்பா அந்த ஃபோல்டரையே அழித்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளை எங்களோடு கதைப்பதில்லை. புது லப்டொப் வாங்கி, ஒரு கோர்ஸிலும் சேர்த்துவிட்டால் சரியாகுமா? எந்தக் கோர்ஸ் நல்லது?

ஒரு தாய், திருகோணமலை

அன்புள்ள தங்கச்சி,

லப்டொப்பும் கோர்ஸும் இப்போது வேண்டாம். இருக்கிற மெஷின் போதும்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் மடியில் ஒரு பழைய கிராஃப் தாள் கிடந்தது. அம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்த ஃபைலுக்குள் அகப்பட்டது.

1996. எனக்கும் அப்போது 15 வயது. டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பு, கிழமைக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு பேருக்கு ஒரு மெஷின். அந்த வருடம் மழை பொய்த்து, நீர்மின்சாரம் குறைந்து, நாடு முழுக்க மின்வெட்டு. கரண்ட் போனால் அன்றைய வகுப்பும் போச்சு. அதனால் என் வேலை முழுக்க வீட்டில், குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தது. டச்சுபே கரையில் பார்த்த ஒரு பாய்வள்ளத்தைக் கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். வகுப்பில் படித்த புரோகிராம் மொழி கியூபேசிக். அதில் திரை 640 புள்ளி அகலம், 480 புள்ளி உயரம், 16 நிறம். ஒரு கோட்டுக்கு நான்கு எண்கள்: தொடங்கும் புள்ளிக்கு இரண்டு, முடியும் புள்ளிக்கு இரண்டு. கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்துவிட்டது.

அடுத்த கிழமை எல்லாவற்றையும் அவசரமாக அடித்து, புரோகிராமை ஓட விடும் எஃப்5 கீயை அழுத்தினேன். வள்ளம் வந்தது. பாய் கீழே, அடிப்பக்கம் மேலே.

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்கோ உடம்பு சிலிர்த்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பிடிபட்டது: பள்ளிக்கூடக் கிராஃபில் மேலே போகப் போக எண் கூடும், திரையில் மேல் மூலையில் பூச்சியம், கீழே இறங்க இறங்கக் கூடும். பூச்சியத்திலிருந்து எண்ணினால் கடைசிப் புள்ளி 479. உயரங்களை எல்லாம் அதிலிருந்து கழித்து, மூன்று பக்கத்தையும் திரும்ப எழுதினேன். அடுத்த கிழமை வரைக்கும் நித்திரையில்லை. இன்றைக்கும் சிறுவர் கதைகளுக்கு நானே கணினியில் படம் வரைகிறேன். அது தொடங்கியது அந்தக் கிழமையில்தான்.

உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். பரீட்சை, கண், நித்திரை எல்லாம் நியாயம்தான். பத்து மணிக்கு நிப்பாட்டு என்று சொல்லுங்கள், கேட்பான். ஆனால் அழித்தது பெரிய பிழை தங்கச்சி. அவனுடைய கொப்பியைக் கிழித்து அடுப்பில் போட உங்கள் கணவருக்கு மனம் வருமா? திரைக்குள் இருந்தால் அது கொப்பி இல்லையா? ஒரு கை அசைய எத்தனை தரம் எண்ணை மாற்றினானோ! எங்கே பிழைத்தான், எப்படித் திருத்தினான் என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. நீங்களும் பார்த்துக்கொண்டு நின்றீர்களா? என் அம்மாவுக்குக் கம்பியூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்திருந்தார்.

முதலில் அப்பா அவனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். பிள்ளையிடம் கேட்டால் குறைந்துவிட மாட்டார்.

அப்புறம், அந்த மெஷினை உடனே நிப்பாட்டுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அழித்தவை உடனே போய்விடாது. மேலே புதிதாக ஏதும் எழுதப்படும் வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மீட்டுத் தரத் தெரிந்த ஒருவரிடம் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா