லண்டனில் ஆங்கிலம் சரியாக வராத அம்மாவை டொக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்க்க 14 வயது மகளை அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். ஜிபியில், அதாவது உங்கள் குடும்ப டொக்டரின் கிளினிக்கில், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

மகள் கெட்டிக்காரி, இரண்டு மொழியும் சரளம், பாட்டி என்றால் உயிர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஷிப்ட் வேலையாக இருக்கும், லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். புரிகிறது. எங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஈஸ்ட்ஹாமுக்கு வந்த புதிதில் அப்பாவுக்கு இரவு வேலை. பள்ளிக்கூடம் போகிற நான்தான் அம்மாவுக்கு வாய்.

டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா கைப்பை வாரைத் திருகிக்கொண்டே, "களைப்பாக் கிடக்கு, வயிறு நோகுது எண்டு சொல்லு தம்பி" என்பார். நானும் ஒரு சொல் விடாமல் சொல்வேன். இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருவார்கள். வீட்டில் அம்மா மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் ஒரு நர்ஸ் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, போனில் தமிழ் தெரிந்த பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பிடித்தார். அன்றைக்குத்தான் அம்மா வாய் திறந்திருக்கிறார். மாதவிடாய் நிற்காமல், கட்டி கட்டியாக, மாதக்கணக்கில் போயிருக்கிறது. பெற்ற மகனிடம் எந்தத் தாய் இதைச் சொல்வாள்? கருப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. ரத்தம் ஏற்றி, பிறகு ஆபரேஷன். இதெல்லாம் வளர்ந்த பிறகு சித்தி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இந்த நாட்டுக்கு வந்தால் ஆங்கிலம் படிக்க வேண்டியதுதானே என்று சிலர் கிளம்பி வருவார்கள். அம்மா மாலை வகுப்புக்குப் போனவர்தான். கடையில், பஸ்ஸில் சமாளிப்பார். உடம்பு வருத்தத்தை இரண்டாம் மொழியில் விளக்குவது வேறு வேலை. நான் டொக்டர்களையும் குறை சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் அவர்கள் என்னதான் செய்வார்கள்?

எனக்கு இன்னும் ஆறாத கோபம் பள்ளிக்கூடத்தின் மீதுதான். வரவு குறைகிறது என்று வீட்டுக்குக் கடிதம் மேல் கடிதம். பையன் எங்கே போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் நான்தான். சரி, அதை விடுங்கள்.

இப்போது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வழிகாட்டலே, அவசர சிகிச்சை தவிர 16 வயதுக்குக் குறைந்தவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்கிறது. ஆகவே ரிசெப்ஷனில் "பேத்தி வரட்டுமே" என்று சொன்னாலும் அசையாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே தமிழ் என்று சொல்லுங்கள். அம்மாவுக்குப் பெண்தான் வசதி என்றால் அதையும் சொல்லுங்கள், கூடுதல் நேரமும் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அவருடைய பதிவேட்டில் குறிக்கச் சொன்னால் அடுத்த முறை அலைச்சல் குறையும். என்எச்எஸ்ஸின் மருத்துவ உதவி எண்ணான 111க்கு அழைத்தாலும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். ஊர்க்காரர் யாராவது வந்து கதை வெளியே போய்விடுமோ என்று அம்மா பயந்தால் போன் வழியே கேளுங்கள். முகம் தெரியாத ஆளிடம் என் அம்மா தாராளமாகவே கதைத்தார்.

உங்கள் அம்மா எந்த விசாவில் வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த விசாவானாலும் ஜிபியில் பதியலாம், அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயம் இல்லை. ஆனால் விசிட்டர் விசா என்றால், பெரும்பாலான ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு என்எச்எஸ் விலையில் 150 சதவீதம் வரை பில் வரும். பயணக் காப்புறுதிப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.