வாவிக்கரைப் பொடியனும் பாலைவனத் தண்ணீரும்

அன்புள்ள அண்ணா,
ஃபேன்டசி நாவல் ஒன்று எழுதுகிறேன். நம்ம வாவி போன்ற நீர்க்கரையில் வளர்ந்த 16 வயதுப் பொடியன், நான் கற்பனையில் உண்டாக்கிய பாலைவன மக்களிடம் போய்ச் சேர்கிறான். மூன்றாம் அத்தியாயத்திலேயே அவர்களில் ஒருவனாகிவிடுகிறான். வாசித்த கூட்டாளிகள் நம்பவில்லை. எங்கே பிழை?
வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,
ஊர்ப்பழக்கம் மூன்று அத்தியாயத்தில் கழலாது. அவனுடைய நல்ல பழக்கங்களே அவனைத் தடுக்கி விழுத்தட்டும்.

கூடார வாசலில் ஒரு கிழவி தண்ணீர் கொடுக்கிறாள். நம்மூர்ப் பிள்ளை முதல் வாயைக் கொப்பளித்துத் துப்புவான், உதடு படாமல் அண்ணாந்து குடிப்பான், மிச்சத்தில் கால் கழுவுவான். இங்கே அதெல்லாம் மரியாதை. அங்கே அந்த ஈரம் மணலில் மறையும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் அவனை ஏச வேண்டியதில்லை.

எழுதமுதல் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். கடும் வெயிலில் நடப்பவனுக்கு நாளுக்கு 8 லீற்றர் என்று வையுங்கள். 10 நாளுக்கு 80 லீற்றர், அதாவது 80 கிலோ. ஓர் ஒட்டகத்துக்கு 150 கிலோ ஏற்றினால், ஆள் ஒன்று கூடினால் அரை ஒட்டகமும் கூட வேண்டும். ஆட்டுத்தோல் பை கசிவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்ந்திருக்கும். அந்தக் கசிவில் போவதையும் சேருங்கள். கூட்டம் அவனை ஏற்கத் தயங்குவதற்கு வெறுப்பு எதுவும் தேவையில்லை, இந்தக் கணக்கே போதும்.

அவனுக்குத் தெரிந்ததையும் பறிக்காதீர்கள். கடற்கரையில் பூவல் (மணலில் தோண்டும் சிறு கிணறு) தோண்டியவனுக்கு மணலின் ஈரம் கைக்குத் தெரியும். வறண்ட ஆற்று வளைவின் வெளிக்கரையில் தோண்டித் தண்ணீரைக் காணட்டும். ஆனால் அந்த ஊற்று ஒரு குடிக்கு, அதாவது ஒரு வம்சக் கூட்டத்துக்குச் சொந்தம்; கேளாமல் தோண்டியது களவு. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த முறை என்று தெரியாதவன் நடுவில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பது மட்டக்களப்பில் பிறந்த உங்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டை அங்கே கொண்டுபோங்கள்.

இரவுக் குளிரையும் மறக்க வேண்டாம். ஈரக்காற்றில் வளர்ந்தவன் கனத்த போர்வை கொண்டுபோயிருக்கமாட்டான்.

எல்லாவற்றையும் விளக்கும் பெரியவர் பாத்திரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அரபுப் பாலைவன நாடோடிகளான பதவீகளிடம் (பெதூயின்), விருந்தாளி சின்னக் கோப்பையை ஆட்டிக் காட்டும்வரை கோப்பி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். அதுபோல உங்கள் மக்களுக்கென்று ஒரு சைகை செய்யுங்கள். நாலாவது கோப்பையையும் குடித்துவிட்டுத் திணறும்போது, பக்கத்துப் பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்து அவனே கண்டுபிடிக்கட்டும்.